தவிசாளர் கதிரையில் ஒரு கிழமை

வன்னியில் இப்போது ஒரேயொரு முதல்வர் (மேயர்) பதவிதான் இருக்கிறது. வவுனியா நகர சபை மாநகர சபையாகி, 2025 மே 6 தேர்தலுக்குப் பிறகு வந்த பதவி அது. மற்றச் சபைகளுக்கெல்லாம் தவிசாளர்கள். பெயர் எதுவானாலும் சனத்துக்கு ஒன்றுதான்: தெருவிளக்கு எரியாவிட்டால் கோல் எடுத்துப் பேசக்கூடிய ஆள். 2018 இல் தெரிவாகி 2023 மார்ச்சில் கலைந்த சபைகளில், வன்னியில் ஒரு பிரதேச சபைக்கு நான் தவிசாளராக இருந்தேன். பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் உறுப்பினர்களே இல்லாமல் செயலாளர்கள்தான் சபைகளை நடத்தினார்கள். இப்போது புதிதாக வந்திருப்பவர்களில் எனக்குத் தெரிந்த பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள். “அண்ணை, இந்தக் கதிரையில இருந்து உண்மையா என்ன செய்யலாம்?” என்று கேட்கிறார்கள். ஒரு கிழமை எப்படிப் போகும் என்று சொன்னாலே பாதிப் பதில் கிடைத்துவிடும்.

திங்கட்கிழமை விடிய முன்னமே போன் தொடங்கும். முக்கால்வாசி வீதிதான். “எங்கட ரோட்டால சைக்கிள் கூடப் போகேலாது, ஒருக்கா வந்து பாருங்கோ.” போய்ப் பார்ப்பது நல்லதுதான், ஆனால் போவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: அது யாருடைய வீதி? ஏ9 உட்பட ஏ, பீ வகுப்பு வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. சீ, டீ வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. இரணைமடு மாதிரிப் பெரிய குளத்தின் கட்டும் வாய்க்கால் ஓரப் பாதையும் நீர்ப்பாசனத் திணைக்களத்தினுடையவை. சின்னக் குளம் என்றால் கமநல அபிவிருத்தித் திணைக்களம். காட்டோரம் என்றால் வனவளத் திணைக்களம் வந்து நிற்கும். மிச்சம் மீதிதான் சபைக்கு. வன்னியில் குளமும் வாய்க்காலும் காடும் ஊரை வெட்டி வெட்டிக் கிடப்பதால், ஒரு பிள்ளை வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போகிற தூரத்துக்குள் மூன்று பேரின் வீதியைத் தாண்டிப் போகும். குழி மூன்று பேருடையது, திட்டு ஒருவருக்குத்தான்.

சபைக்கு உரியது என்று தெரிந்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. அது சபையின் வீதிப் பதிவேட்டில் இருக்கிறதா? மீள்குடியேற்றத்துக்குப் பிறகு சனம் தாங்களாகவே காணி விட்டுத் திறந்த ஒழுங்கைகள் எங்கள் பக்கம் ஏராளம். நடந்து நடந்து பாதையானவை. பதிவேட்டில் இல்லாத ஒழுங்கைக்கு ஒரு லோட் கிறவல் (சரளை மண்) கொட்டினாலும் அடுத்த வருடம் கணக்காய்வு வினா வந்துவிடும். அதனால் ஒழுங்கைக்கு இரண்டு பக்கமும் இருப்பவர்களிடம் காணி விட்டதற்கு எழுத்தில் ஒப்புதல் வாங்கி, கிராம அலுவலரிடம் உறுதிப்படுத்தி, சபையில் தீர்மானம் எடுத்து, பதிவேட்டில் ஏற்றுவதற்கான அலுவலை முதலில் தொடங்க வேண்டும். கேட்கச் சலிப்பாக இருக்கும். கிறவல் கொட்டினால் படம் எடுக்கலாம், பதிவேட்டில் ஏற்றுவதை யாரும் படம் எடுக்க மாட்டார்கள். ஆனால் ஒருமுறை ஏற்றிவிட்டால் அந்த ஒழுங்கைக்கு எந்தத் திட்டத்திலும் காசு கேட்கலாம். உங்களுக்குப் பிறகு வருகிறவரும் கேட்கலாம்.

மற்றவர்களின் வீதிக்கு என்ன செய்வது? கடிதம். சிரிக்காதீர்கள், கடிதம் எழுதுவதில் ஒரு கெட்டித்தனம் இருக்கிறது. ஒரு கடிதத்தில் ஒரு விடயம் மட்டும். வீதியின் பெயர், எங்கிருந்து எங்கு வரை, எத்தனை மீற்றர், படம். பிரதி உள்ளூராட்சி உதவி ஆணையாளருக்கு. அனுப்பிய கடிதத்தின் இலக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் எழும்பிக் கேட்க வேண்டும். எல்லாத் திணைக்களமும் ஒரே மண்டபத்தில் இருக்கிற நேரம் அதுதான். “அந்தப் பக்கம் சனம் கஷ்டப்படுது” என்று சொன்னால், “கவனிக்கிறோம்” என்று பதில் வரும். கடித இலக்கத்தைச் சொல்லிக் கேட்டால், அந்த உத்தியோகத்தர் கூட்டறிக்கையில் ஏறக்கூடிய ஒரு பதிலைச் சொல்லியாக வேண்டும். வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் எங்கள் காலத்தில் அசைந்த மதகுகளில் பெரும்பாலானவை இப்படி அசைந்தவைதான்.

மணல் ஏற்றுகிற டிப்பர் பிரச்சினைக்கு மட்டும் கடிதம் போதாது. மணலுக்கு அனுமதி கொடுப்பது புவிச்சரிதவியல் அளவைகள் மற்றும் சுரங்கப் பணியகம். மண் ஏறிப் போவது எங்கள் கிறவல் வீதியால். ஒரு மாரிக்குப் போட்ட வீதி அடுத்த மாரி வரை நிற்காது. சனம் சொல்வது, வாசலில் இரும்புக் கம்பம் நட்டு டிப்பரை மறி என்று. மறித்தால் நெல் வெட்டும் மெசினும் நெல் லொறியும் கூட உள்ளே போக முடியாது என்று அறுவடை நேரம்தான் விளங்கும். அதனால் கம்பத்துக்கு முதல் விவசாயிகளின் கமக்கார அமைப்போடு கதையுங்கள். அனுமதி புதுப்பிக்கிற நேரம் எப்போது என்று பார்த்து, அதற்கு முன் எங்கள் ஆட்சேபத்தைப் பிரதேச செயலாளர் ஊடாக எழுத்தில் கொடுத்து வைப்பதுதான் கொஞ்சமாவது கேட்டது. முழுக்க வென்றோம் என்று சொல்ல மாட்டேன்.

பொதுமக்கள் நாளில் வருகிற சனத்தில் பாதிக்கு மேல் பிழையான வாசலுக்கு வந்தவர்கள். வீட்டுத்திட்டம், காணி அனுமதிப்பத்திரம், எங்கள் காலத்துச் சமுர்த்தி உதவி, வெள்ள நிவாரணம், எல்லாம் அரசாங்கத்தின் பிரதேச செயலகம். நாங்கள் சனம் தெரிவு செய்த பிரதேச சபை. இரண்டும் சில இடங்களில் ஒரே தெருவில் இருக்கின்றன. வயதான அம்மா ஒருவர் இரண்டு பஸ் மாறி வந்து, வரிசையில் இருந்து, கடைசியில் “இது எங்கட அலுவல் இல்லை அம்மா” என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போவதைப் பார்க்க முடியாது. நாங்கள் செய்தது இரண்டு. படலையில் ஒரு பலகை: சபை செய்பவை இவை, செய்யாதவை இவை, செய்யாதவற்றுக்குப் போக வேண்டிய இடம் இது. மற்றது, வந்தவரை வைத்துக்கொண்டே உரிய உத்தியோகத்தருக்கு ஒரு கோல். அதைத் தவிசாளர் எடுக்க வேண்டும் என்றில்லை, முகப்பில் இருக்கிற பிள்ளை எடுத்தாலே போதும்.

உண்மையாகவே சபைக்கு உரிய அலுவலோடு வருகிறவர்களிடம் எழுத்தில் வாங்குங்கள். எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுக்க ஆள் வையுங்கள். ஒரு இலக்கம் கொடுங்கள். முடியாது என்றால் அன்றைக்கே முடியாது என்று சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊரில் ‘பார்ப்பம்’ என்றால் சனம் அதை ஓம் என்றுதான் எடுத்துக்கொள்ளும்.

காசைப் பற்றியும் சொல்ல வேண்டும். வரி என்றால் சனம் பயப்படுகிறது, உறுப்பினர்கள் அதைவிடப் பயப்படுகிறார்கள். ஆனால் 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தில் வியாபார உரிமத்துக்கு வைத்த உச்சக் கட்டணம் 1,000 ரூபாய். ஏ9 ஓரத்தில் கண்ணாடி போட்ட பெரிய கடைக்கும் எங்கள் காலத்தில் உரிமம் என்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. அந்தக் கடை ஒரு மாதத்தில் வெளியே தள்ளுகிற மட்டைப் பெட்டியை ஏற்றுகிற டீசலுக்கே அது காணாது. ஆதனவரியை அபிவிருத்தியடைந்த பகுதி என்று பிரகடனப்படுத்திய இடத்தில்தான் அறவிடலாம். வன்னியில் அந்தப் பகுதி சந்தியைச் சுற்றிக் கொஞ்சத் தூரம். மிச்சம் முத்திரை வரி, நீதிமன்றத் தண்டம், சந்தைக் குத்தகை. முதல் இரண்டும் மாகாணத்தின் ஊடாகப் பிந்தித்தான் வரும். எனவே சந்தைக் குத்தகைக் கேள்வி மனுவை (டெண்டர்) வடிவாக எழுதுவது தவிசாளரின் வருடத்தில் ஒரு பெரிய அலுவல். குத்தகை எடுத்தவர் கமக்காரரிடம் எவ்வளவு அறவிடலாம், ரசீது கொடுக்க வேண்டுமா, விலைப் பலகை எங்கே தொங்க வேண்டும், எல்லாம் அந்தத் தாளிலேயே இருக்க வேண்டும். வியாபாரிகள் மரக்கறி நிறையில் பத்தில் ஒரு பங்கைக் கழிவு என்று கழிக்கிற பழக்கத்தை நிறுத்தச் சபையில் தீர்மானம் போடலாம், போட்டோம். தராசடியில் ஆள் நிற்கிற நாட்களில் மட்டும் அது நின்றது. ஆள் போனதும் கழிவு வந்துவிட்டது.

குப்பையைப் பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை, எல்லாச் சபைக்கும் ஒரே வயிற்றுவலி. எங்களுக்கு மேலதிகமாக இரண்டு: கொட்டுகிற இடம் காட்டோரமாக இருப்பதால் யானை வரும், காட்டுக் காணி என்பதால் அனுமதிக் கடிதம் வராது. 2022 ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அரசு அறிவித்தபோது, குப்பை அத்தியாவசியமா இல்லையா என்று எரிபொருள் நிலையத்தில் நின்று வாதாட வேண்டியிருந்தது. குப்பை ஏற்றுகிற உழவு இயந்திரம் கிழமைக் கணக்கில் ஓடவில்லை. கடைக்காரருக்கு ஒன்று சொன்னோம்: உக்குவதை நீங்களே பாருங்கள், உக்காததை மட்டும் கட்டி வையுங்கள், கிடைக்கிற டீசலுக்கு அதை ஏற்றுகிறோம். வருடக்கணக்காகத் துண்டுப்பிரசுரம் கொடுத்தும் நடக்காத தரம்பிரிப்பு, டீசல் இல்லாததால் நடந்தது. எரிபொருளுக்குக் கியூஆர் பங்கீட்டு முறை வந்து டீசல் கிடைத்ததும் பாதிப் பேர் பழையபடி ஒரே பையில் கட்டத் தொடங்கினார்கள். மிச்சப் பாதி தொடர்ந்தது. தட்டுப்பாட்டுக் காலத்தில் பிடித்த பழக்கத்தை, அது முடிகிற கிழமையிலேயே கட்டண ஒழுங்காக மாற்றிவிடுங்கள் என்பது என் யோசனை. பிந்தினால் முடியாது.

இனி மாடு. வெளியூர்க்காரர்களுக்கு இது பகிடியாக இருக்கும். வன்னியில் தவிசாளராக இருந்த யாரிடமாவது கேட்டுப் பாருங்கள்.

காலபோகம், அதாவது மாரி நெற்செய்கை, தொடங்கினால் வயலுக்குள் மாடு இறங்க முடியாது. காட்டுக்குள் விட்டால் வனவளமும் வனசீவராசிகளும் வழக்குப் போடும். மேய்ச்சல் தரை என்று ஒதுக்கிய காணி பல இடங்களில் கடதாசியில் கூட இல்லை. மாரி இரவில் தரையெல்லாம் ஈரம், தார் வீதி மட்டும் சூடு. மாடு அங்கே வந்து படுக்கும். இரவில் வேகமாக வருகிற பஸ்ஸுக்குக் கறுப்பு மாடு தெரியாது. செத்தது மாடு மட்டும் என்றால் அன்றைக்கு அதிர்ஷ்டம். மறுநாள் காலையில் கோல்: “சபை என்ன செய்யுது?”

கட்டாக்காலி மாட்டைப் பிடித்து அடைக்கவும், தண்டமும் பராமரிப்புச் செலவும் வாங்கவும், உரிமை கோராவிட்டால் ஏலம் விடவும் சபைக்கு அதிகாரம் இருக்கிறது. அந்தத் தைரியத்தில் புதுத் தவிசாளர்கள் முதல் மாரியிலேயே இறங்கிவிடுவார்கள். இறங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை வேறு. பட்டி இருக்கிறதா? பட்டிக்குத் தண்ணீர்? வைக்கோல்? இரவு வேலைக்கு வருகிற தொழிலாளருக்கு மேலதிக நேரக் காசு எந்தச் செலவுத் தலைப்பில்? கால்நடை வைத்தியரோடு கதைத்தாயிற்றா? பட்டிக்குள் ஒரு கன்று செத்தால், வீதியில் செத்த மனிதரை எல்லோரும் மறந்துவிடுவார்கள், கன்றுதான் செய்தி. பிறகு உரிமையாளர் பிரச்சினை. காதில் தகடு இல்லாத மாட்டுக்கு உடம்பில் சுட்ட குறியைப் பார்த்துத்தான் ஆளைப் பிடிக்கலாம், அந்தக் குறி யாருடையது என்று தெரிந்த பெரியவர்கள் ஊருக்கு ஓரிருவர்தான் மிச்சம். அவர்களைத் தேடி வைத்திருங்கள். தண்டம் எழுதுகிற இடத்தில் அவர்களை நிறுத்த வேண்டாம், பாவம், ஊரில் இருக்க வேண்டியவர்கள்.

பணக்கார மாட்டுக்காரருக்கும் ஏழைக்கும் ஒரே தண்டம் என்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. நூற்றுக்கணக்கில் மாடு வைத்திருப்பவர் தண்டத்தை ஒரு செலவாக எழுதிவிட்டுப் போவார். இரண்டு பசுவில் பிள்ளைகளைப் படிப்பிக்கிற பெண் அந்தக் காசுக்கு நகை அடகு வைப்பார். எங்கள் பக்கம் கொஞ்சமாவது பலன் தந்தது, காலபோகப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தை விடாமல் பிடித்ததுதான். அரசாங்க அதிபர் தலைமையில் நடக்கிற அந்தக் கூட்டத்தில் விதைப்புக்கும் தண்ணீருக்கும் திகதி வைப்பார்கள். மாடுகளை எந்தத் திகதிக்குள் எந்தப் பக்கம் அப்புறப்படுத்துவது என்பதையும், பிடிபட்டால் எவ்வளவு என்பதையும் அதே கூட்டறிக்கையில் ஏற்றச் சொல்லிக் கேட்டோம். அதன் பிறகு கோயில் ஒலிபெருக்கியில் அறிவிப்பு, ஒரு தவணை. தவணை முடிந்த இரவே பிடிக்கத் தொடங்க வேண்டும், முதலில் பெரிய பட்டிக்காரரின் மாட்டை. அதைச் செய்யாமல் ஏழையின் பசுவில் தொடங்கினால் அடுத்த நாளே எல்லாம் நின்றுவிடும். மேய்ச்சல் தரைக்குக் காணி ஒதுக்குவது சபையின் கையில் இல்லை. ஆனால் ஒவ்வொரு மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்திலும் அதைக் கேட்கிற உரிமை இருக்கிறது. கேட்டுச் சலித்தவர்களில் நானும் ஒருவன், நீங்களும் கேளுங்கள்.

மாதாந்த அமர்வு வருகிற கிழமையில் மற்ற அலுவல் குறைவாகத்தான் நடக்கும். வட்டாரமும் விகிதாசாரமும் கலந்து 2018 இல் வந்த கலப்புத் தேர்தல் முறைக்குப் பிறகு வடக்கில் தனிப் பெரும்பான்மையோடு இருக்கிற சபை குறைவு. எதிரில் இருப்பவர்கள் உங்களை விரும்ப வேண்டியதில்லை, அவர்களின் வட்டாரத்தில் வேலை நடந்தால் போதும். வரவு செலவுத் திட்டம் வருகிற மாதத்தில் போய்க் கதைப்பதைவிட, ஆடி ஆவணியிலேயே ஒவ்வொரு உறுப்பினரோடும் அவருடைய வட்டாரத்தில் நடந்து, மூன்று வேலையை அவரையே வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். 2020 டிசம்பரில் யாழ்ப்பாண மாநகர சபையில் வரவு செலவுத் திட்டம் இரண்டு முறை தோற்று முதல்வர் பதவி போனதை எல்லோரும் பார்த்தோம். இன்னொன்று: நான்கில் ஒரு பங்கு ஒதுக்கீட்டில் வந்த பெண் உறுப்பினர்களை அமர்வில் சும்மா இருப்பவர்கள் என்று நினைக்கிறார்கள். எந்தக் கிணறு உப்பாகிவிட்டது, எந்த முன்பள்ளிக்கு மலசலகூடம் இல்லை, எந்தத் திருப்பத்தில் விளக்கு இல்லாமல் ரியூசன் பிள்ளைகள் பயந்து போகிறார்கள் என்ற தகவல் எனக்கு அவர்களிடமிருந்துதான் வந்தது.

விளக்கு என்றதும் ஒரு சின்ன விடயம். கம்பமும் மின்னோட்டமும் எங்கள் காலத்தில் மின்சார சபையினுடையவை, விளக்கு மட்டும் எங்களது. மாட்டுவதற்கு அவர்கள் லைனை நிறுத்த வேண்டும். எனவே ஒரு விளக்குக்கு ஒரு நாள் என்று ஓடாமல், ஒரு வட்டாரத்தின் பழுதெல்லாவற்றையும் கம்ப இலக்கத்தோடு சேர்த்துக் கொடுத்து ஒரே நாளில் முடியுங்கள்.

செயலாளரோடு சண்டை பிடிக்காதீர்கள். சட்டப்படி நிறைவேற்று அதிகாரம் உங்களுக்குத்தான். ஆனால் நிதிப் பிரமாணம் தெரிந்தவர் அவர், நீங்கள் போன பிறகும் கணக்காய்வுக்குப் பதில் எழுதப் போகிறவரும் அவர்.

சனி, ஞாயிறு ஓய்வு என்று நினைக்க வேண்டாம். கலியாண வீடு, விளையாட்டுப் போட்டி, கோயில் கூட்டம். வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கல் மாதிரிப் பெரிய திருவிழா உள்ள சபை என்றால் வைகாசி முழுக்கத் தண்ணீர், குப்பை, தற்காலிகக் கடை என்றே போய்விடும். செத்த வீட்டுக்கு மட்டும் தவறாமல் போங்கள், அரசியலுக்காகச் சொல்லவில்லை. பிரேதத்தோடு சுடலை வரை நடந்தால்தான் அந்தப் பாதை எப்படி இருக்கிறது, கொட்டகைக்குக் கூரை இருக்கிறதா, மழையில் விறகு எங்கே வைப்பது என்று தெரியும். எந்தத் தொழினுட்ப உத்தியோகத்தரின் அறிக்கையிலும் அது இவ்வளவு தெளிவாக வராது.

இவ்வளவும் சாதாரணக் கிழமை. 2018 டிசம்பர் 21, 22 இல் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் வந்து, இரணைமடுவின் கதவுகளெல்லாம் திறந்தபோது வந்த கிழமையில் ஒழுங்கு என்று எதுவும் இல்லை. நிவாரணம், சமைத்த சாப்பாடு எல்லாம் பிரதேச செயலகத்தின் பொறுப்பு. சபைக்கு இருந்தது அடைபட்ட மதகைத் திறப்பதும், பவுசரில் தண்ணீர் கொடுப்பதும், வெள்ளம் வடிந்த பிறகு கிணறு இறைப்பதும். ஊரே தண்ணீருக்குள் நிற்கிற இரவில் பெக்கோ (மண் தோண்டும் இயந்திரம்) வாடகைக்கு விலைமனுக் கோர முடியாது. ஆகவே புரட்டாசிக்கு முன்பே மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று பெக்கோ உரிமையாளர்களோடும், தண்ணீர் இறைக்கும் மெசின்காரரோடும் ஒப்பந்தம் எழுதிச் சபையில் அனுமதி எடுத்து வையுங்கள். தேவைப்படாவிட்டால் நட்டம் ஒன்றுமில்லை.

கிணறு இறைப்பதில்தான் கோல் மழை. ஒவ்வொருவருக்கும் தன் கிணறு முதலில் வேண்டும், பெரிய ஆட்கள் பெரிய ஆட்களைக் கொண்டு பேசுவிப்பார்கள். வரிசையைத் தவிசாளர் தீர்மானிக்கவே கூடாது. சுகாதாரப் பரிசோதகரைக் கொண்டு பட்டியல் எழுதிவித்தோம்: பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பிறகு பொதுக் கிணறு, பிறகு மலசலகூடக் குழிக்குக் கிட்ட உள்ள வீட்டுக் கிணறுகள், மிச்சம் கடைசியில். இறைத்ததும் குளோரின் போடுவதும் அவர்கள்தான். பட்டியலைச் சபைச் சுவரில் ஒட்டியதும் கோல் பாதியாகக் குறைந்தது. எங்கள் வீட்டுக் கிணறு கடைசித் தாளில் இருந்தது. அதற்கு வீட்டில் வாங்கிய பேச்சு வேறு.